துண்டும் பெர்மிட்டும்

அம்பத்தூர்

அன்புள்ள தம்பிக்கு,

சிங்கப்பூரில் எந்த வெளிநாட்டுத் தொழிலாளியும் ‘விசா’வில் வேலை பார்ப்பதில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஆவடி, பூந்தமல்லி டீக்கடைகளிலும் ‘விசா வந்துடுச்சு’, ‘விசா முடியப்போகுது’ என்று பேசப்படுவது இரண்டு வேறு ஆவணங்களைப் பற்றி. முதலாவது ஐ.பி.ஏ. எனப்படும் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம். ஆள் ஊரில் இருக்கும்போதே வரும் இந்தக் கடிதத்தைக் காட்டித்தான் விமானம் ஏற முடியும். இரண்டாவது, அங்கே போய் இறங்கி, மருத்துவப் பரிசோதனை முடித்து, கைரேகை கொடுத்த பிறகு கிடைக்கும் அட்டை. இரண்டையும் வழங்குவது அந்நாட்டின் மனிதவள அமைச்சு. இரண்டுக்கும் விண்ணப்பிப்பது முதலாளி, அல்லது முதலாளியின் சார்பில் ஒரு ஏஜென்சி. தொழிலாளி விண்ணப்பதாரரே அல்ல. ஒரு மினிபஸ்ஸின் பெர்மிட்டில் வண்டியின் எண் இருக்கும், ஓட வேண்டிய தடம் இருக்கும். ஆனால் மனுப் போடுகிறவர் வண்டியின் உரிமையாளர். ஒர்க் பெர்மிட்டும் அந்த வகைதான். இந்த ஒப்புமை யாருக்கும் இனிக்காது, ஆனால் பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

மீதிக் குழப்பம் ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது. வெல்டிங் படிப்பை முடித்த ஒரு மாணவர் அண்மையில் கேட்டது: ‘ரினியூவலுக்கு எவ்வளவு ரெடி பண்ணி வைக்கணும்?’ இந்தக் கடிதம் எழுதப்படுவதே அந்தக் கேள்வியில் உள்ள ‘எவ்வளவு’ என்ற சொல்லுக்காகத்தான். கேட்டிருக்க வேண்டியது ‘எப்போது’.

சிங்கப்பூரின் பாஸ் வகைகளில் மேல்தட்டில் இருப்பது எம்ப்ளாய்மென்ட் பாஸ், பேச்சுவழக்கில் இ-பாஸ். 2025 ஜனவரி முதல் இதற்கான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். வயது ஏற ஏற இந்த வரம்பும் ஏறும். 2023 செப்டம்பரில் இதன்மேல் ‘காம்பஸ்’ என்ற புள்ளிமுறையும் சேர்ந்தது. சம்பளம், படிப்பு, நிறுவனத்தில் எந்தெந்த நாட்டவர் எத்தனை பேர், உள்ளூர்க்காரர்களுக்கு எவ்வளவு வேலை என்று கணக்கிட்டு 40 புள்ளி தேற வேண்டும். முதல்முறை 2 ஆண்டு வரையும் புதுப்பிக்கும்போது 3 ஆண்டு வரையும் கிடைக்கும். தொழிற்பேட்டைப் பிள்ளைகளுக்கு இதில் இப்போதைக்குச் சோலியில்லை.

நடுவில் இருப்பது எஸ் பாஸ். 2025 செப்டம்பர் முதல் குறைந்தபட்சச் சம்பளம் 3,300 வெள்ளி. ஒரு நிறுவனத்தின் மொத்த ஆட்களில் இத்தனை விழுக்காடுதான் என்ற உச்சவரம்பு உண்டு: சேவைத் துறையில் 10, கட்டுமானம், உற்பத்தி போன்றவற்றில் 15. ஒவ்வொரு எஸ் பாஸ் ஆளுக்கும் முதலாளி அரசுக்கு மாதம் 650 வெள்ளி லெவி, அதாவது தீர்வை, கட்டுகிறார். பட்டயப் படிப்பு முடித்தவர்களுக்கு ‘எஸ் பாஸ் வாங்கித் தர்றேன்’ என்று ஆசை காட்டும் ஏஜென்டுகள் இந்த உச்சவரம்பைப் பற்றி வாய் திறப்பதில்லை. இடம் காலியில்லாத நிறுவனத்துக்கு எந்த ஏஜென்டாலும் எஸ் பாஸ் வாங்க முடியாது.

மூன்றாவதுதான் ஒர்க் பெர்மிட். இதில் பெரும்பாலான வேலைகளுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் என்று சட்டத்தில் எதுவும் இல்லை. அதற்குப் பதிலாகத் துறை, நாடு, திறன் என்ற மூன்று கட்டுப்பாடுகள் உண்டு. இந்தியா, வங்கதேசம், இலங்கை, மியன்மார், தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் ஆகியவை ஒரே வகுப்பு. இந்நாட்டவரை வழக்கமாகக் கட்டுமானம், கப்பல்பட்டறை, ரசாயன ஆலைப் பணி ஆகியவற்றுக்குத்தான் எடுக்கலாம். தொழிற்சாலை லேத்திலோ கடையிலோ நிற்க வைக்க நீண்ட காலம் வழியில்லை. 2023 செப்டம்பரில் ஒரு பட்டியல் போட்டுக் கதவைச் சற்றே திறந்தார்கள். உற்பத்தித் துறையில் வெல்டர், தகட்டு வேலையாள் போன்றோரும், இந்திய உணவகங்களில் சமையல்காரரும் அதில் இடம்பெற்றனர். மாதம் குறைந்தது 2,000 வெள்ளி தர வேண்டும், இப்படி எடுக்கும் ஆட்கள் மொத்தத்தில் 8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பவை நிபந்தனைகள். 2025 செப்டம்பரில் கனரக வாகன ஓட்டுநர், ஆலை இயந்திரம் இயக்குபவர் போன்ற வேலைகளும் சேர்ந்தன. ஆகவே ‘கம்பெனி வேலை’ என்று சொல்லி ஆள் பிடிக்கும் இடத்தில், எந்தத் துறை, பட்டியலில் எந்த வேலை என்ற இரண்டு கேள்விகளைக் கேட்காமல் வந்தவர், கடனோடு கட்டடச் சாரத்தில் ஏறப் போகிறார் என்று பொருள்.

திறன் என்பது லெவியில் தெரியும். கட்டுமானத்தில் அடிப்படைத் திறன் உள்ள இந்தியத் தொழிலாளிக்கு முதலாளி மாதம் 900 வெள்ளி லெவி கட்ட வேண்டும். உயர்திறன் பெற்றவருக்கு 500. இந்தக் கணக்கு 2024 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள 400 வெள்ளி தொழிலாளி கையில் உள்ள ஒரே பேரம்பேசும் பொருள். சில ஆண்டு அனுபவமும் மேல்நிலைத் தேர்ச்சியும் பெற்று உயர்திறன் பிரிவுக்கு மாறியவரை முதலாளி எளிதில் விடமாட்டார். லெவியைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிப்பது குற்றம். ஆளுக்கு 5,000 வெள்ளி பிணைத்தொகையும் மருத்துவக் காப்பீடும் முதலாளியின் பொறுப்பு.

இப்போது புதுப்பித்தல். பெர்மிட் பொதுவாக 2 ஆண்டுக்கு வழங்கப்படுகிறது. பாஸ்போர்ட் அதற்கு முன்பே காலாவதியானால் பெர்மிட்டும் அந்த அளவுக்குச் சுருங்கும். பழைய பாஸ்போர்ட்டில் ஓராண்டு மிச்சம் வைத்துக்கொண்டு புறப்படுகிறவர் முதல் புதுப்பித்தலைத் தாமே முன்னுக்கு இழுத்து வைக்கிறார். ஊரிலேயே பாஸ்போர்ட்டை மாற்றிக்கொண்டு போவது நல்லது. அம்பத்தூர், பூந்தமல்லிக்காரர்களுக்குக் காவல் சரிபார்ப்பு 2022 முதல் ஆவடி ஆணையரகத்தின் கீழ் வருகிறது. வீடு மாறியவர்கள் முகவரியைச் சரிசெய்யாமல் விண்ணப்பித்தால் அலைச்சல்தான். அங்கே போன பிறகு என்றால் இந்தியத் தூதரகத்தில்தான் மாற்ற வேண்டும்.

பெர்மிட் முடிவதற்குச் சில வாரம் முன்பு அமைச்சு புதுப்பிக்கும் அறிவிப்பை அனுப்பும். யாருக்கு? முதலாளிக்கு. பெர்மிட் வழங்கும் கட்டணம் 35 வெள்ளி. அதைக் கட்டுவதும் முதலாளியே. பழைய விதியில் அடிப்படைத் திறன் உள்ளவர் 14 ஆண்டு, உயர்திறன் உள்ளவர் 26 ஆண்டு என்ற மொத்த வரம்பு இருந்தது; 2025 ஜூலை 1 முதல் அது நீங்கிவிட்டது. வயது வரம்பும் 60இலிருந்து 63 ஆனது. ‘14 வருஷம் முடிஞ்சா அனுப்பிடுவான்’ என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் பழைய பஞ்சாங்கம் வாசிக்கிறார்கள்.

அப்படியானால் ரினியூவலுக்கென்று ஆயிரக்கணக்கில் வாங்கப்படும் பணம் எது? ஃபோர்மேன் கையிலோ ‘ஆபீஸ் ஆள்’ கையிலோ கொடுக்கப்படும் அது லஞ்சம். வேலைக்கு எடுக்கவோ தொடர்ந்து வைத்துக்கொள்ளவோ தொழிலாளியிடம் பணம் பெறுவது அந்நாட்டின் வெளிநாட்டு மனிதவளச் சட்டப்படி குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இது இரகசியமல்ல. ஆனாலும் கொடுக்கிறார்கள். ஏன் கொடுக்கிறார்கள் என்பதற்கு விடை சட்டப் புத்தகத்தில் இல்லை. இலங்கையின் மலையகத்தில் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகக் கிராமங்களிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆட்களைக் கூட்டிப் போனவர் கங்காணி. வழிச்செலவும் முன்பணமும் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் தோட்டத்துரையிடமிருந்து ஒரு சீட்டு வேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன் என்று எழுதிய அந்தச் சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். ஆங்கில ஆவணங்களிலும் அந்தத் தமிழ்ச்சொல் அப்படியே ஏறியது. புதுத் தோட்டம் கடனை அடைத்து ஆட்களை எடுத்துக்கொள்ளும்; கடன் மறைவதில்லை, கைதான் மாறும். ஆட்களுக்கு அலைந்த தோட்டங்கள் ஒன்றுக்கொன்று போட்டியிட்டுத் தொகையை ஏற்றிவிட, தொழிலாளி ஒரு காசும் கண்ணால் பாராமலே அவர் தலைமேல் இருந்த கடன் வளர்ந்தது. 1921இல் சட்டம் போட்டு இலங்கை அரசு துண்டை ஒழித்தது. மலையக வரலாற்றை வாசிக்கிறவர்கள் குடியுரிமைப் பறிப்பு, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் என்று பெரிய நிகழ்ச்சிகளுக்கு ஓடிவிடுவார்கள். இந்தச் சின்னச் சீட்டில் யாரும் நிற்பதில்லை. நின்றிருந்தால் ரினியூவல் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்கும். வேலை என்பது ஒருவருக்குப் பட்ட கடன், அதை அடைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற எண்ணம் துண்டோடு ஒழியவில்லை.

அதற்காக ஒர்க் பெர்மிட்டை நவீன அடிமைச்சீட்டு என்று மேடையில் முழங்குவதும் சோம்பேறித்தனமே. துண்டில் முக்கியமானது தொகை. பெர்மிட்டில் முக்கியமானது தேதி. தேதியை வைத்துச் சட்டம் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறது. கட்டுமானத் தொழிலாளி ஒருவர், பெர்மிட் முடிய 40 நாள் இருக்கும்போது தொடங்கி 21 நாள் இருக்கும்வரை, இப்போதைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு முதலாளிக்கு மாறலாம். மற்ற நாட்களில் சம்மதம் வேண்டும். இருபதே நாள். அதற்குள் புது முதலாளி விண்ணப்பித்திருக்க வேண்டும், ஆகவே தேடல் அதற்கும் முன்பே தொடங்க வேண்டும். பெர்மிட் முடியும் தேதியிலிருந்து 40ஐயும் 21ஐயும் கழித்து, அந்த இரண்டு நாட்களை நாட்காட்டியில் வட்டமிட இரண்டு நிமிடம் ஆகுமா? ரினியூவலுக்காக இரண்டு மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டு வருகிறவர்களில் பலருக்கு அந்தத் தேதியே தெரிந்திருப்பதில்லை.

வளைகுடாவில் பெயர்கள் மாறும். சவூதியில் அது இக்காமா என்னும் குடியிருப்பு அனுமதி; அதன் கட்டணமும் புதுப்பிக்கும் செலவும் முதலாளியுடையவை என்று அந்நாட்டுத் தொழிலாளர் சட்டத்தின் 40ஆம் பிரிவு சொல்கிறது. கத்தாரில் வேலை மாறப் பழைய முதலாளியின் தடையில்லாச் சான்று வேண்டும் என்ற விதி 2020இல் நீங்கியது. அந்தச் சான்றும் ஒரு துண்டுதான். பத்தாம் வகுப்புத் தேறாத இந்தியர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். சிங்கப்பூர் அந்த 18இல் இல்லை. உரிமம் பெற்ற இந்திய ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. அதன் வாசலை மிதிக்காமலேயே லட்சங்களைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம்.

எதிர்த்திசையும் பார்க்கத்தக்கது. பூந்தமல்லியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் கொரிய எழுத்துப் பலகைகள் தென்படுவதற்குக் காரணம் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலை. அங்கே வேலை பார்க்கும் கொரியப் பொறியாளருக்கு இந்தியா தருவது எம்ப்ளாய்மென்ட் விசா. இங்கே ‘விசா’ என்ற சொல் சரியானது. ஆண்டுச் சம்பளம் 16.25 லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும் என்பது பொது விதி. சொந்த நாட்டுச் சமையல் செய்யும் சமையல்காரருக்கு விலக்கு. சிங்கப்பூர் இந்தியச் சமையல்காரருக்குப் பட்டியலில் இடம் தந்ததும் இந்தியா கொரியச் சமையல்காரருக்கு விலக்கு தந்ததும் ஒரே காரணத்தால்தான்: எந்த அரசாலும் நாக்குக்குச் சட்டம் போட முடிவதில்லை. 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருகிறவர் 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். நீட்டிப்பு மொத்தம் 5 ஆண்டு வரை. அந்த விசாவில் இருந்துகொண்டு தாய் நிறுவனம், துணை நிறுவனம் என்ற உறவுக்கு வெளியே முதலாளியை மாற்ற முடியாது. மாற வேண்டுமானால் நாட்டை விட்டுப் போய்ப் புது விசாவில் வர வேண்டும். சிங்கப்பூரைக் குறை சொல்லும்போது இதையும் நினைவில் வைப்பது நியாயம்.

கடைசியாக, சிங்கப்பூரில் புதுப்பிக்கப்படாத பெர்மிட். முதலாளி அதை ரத்துசெய்தால் சம்பளப் பாக்கியைத் தீர்த்து, ஊர் திரும்பும் பயணச்சீட்டையும் வாங்கித் தர வேண்டும். பாக்கி பற்றிய வழக்கு இருந்தால் தொழிலாளி சிறப்பு அனுமதியில் அங்கேயே தங்கலாம். சம்பளக் கோரிக்கையை வேலையை விட்ட 6 மாதத்துக்குள் பதிய வேண்டும். ஐ.பி.ஏ. கடிதத்தில் எழுதியிருக்கும் சம்பளம்தான் அதற்கு முதல் சான்று. தொழிலாளியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் அதைக் குறைக்க முடியாது. ஆகவே அந்தக் கடிதத்தின் நகல் ஒன்று ஏஜென்ட் கையிலோ போனிலோ மட்டும் இல்லாமல், அம்பத்தூர் வீட்டு அலமாரியிலும் இருக்க வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்