தமிழில் ஒரு 'சாப்பிடு', ஆங்கிலத்தில் எத்தனை?



நாம் சோறு சாப்பிடுகிறோம், காப்பி சாப்பிடுகிறோம், காய்ச்சல் வந்தால் மருந்தும் சாப்பிடுகிறோம். 'சாப்பிடு' என்னும் சொல் அன்னையைப் போல் எல்லாவற்றையும் அணைத்துக் கொள்கிறது. ஆங்கிலமோ கண்டிப்பான ஆசிரியை! 'ஐ ஏட் காப்பி' என்று எழுதிச் சிவப்பு மைக்கோடு வாங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்!

இட்லி, சோறு, ரொட்டிக்கு 'ஈட்'. பால், மோர், தண்ணீருக்கு 'டிரிங்க்'. மருந்து மாத்திரையானாலும் தண்ணீர் மருந்தானாலும் 'டேக்'. சூப்பைக் கிண்ணத்திலிருந்து கரண்டியால் எடுத்தால் 'ஈட்'. கோப்பையில் வாய் வைத்துக் குடித்தால் 'டிரிங்க்'. உணவு, பானம் இரண்டிற்கும் பொதுவானது 'ஹேவ்'. வீட்டிற்கு வந்த விருந்தினரிடம், 'வில் யூ ஹேவ் சம் காப்பி?' என்று கேட்பதே அழகு.

இறந்த காலத்தில் கவனம் தேவை. 'ஐ ஹேவ் டிரங்க் மில்க்' என்றால் பால் குடித்திருக்கிறேன் என்று பொருள். 'ஹேவ்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆம்' போட்டு, 'ஐ ஆம் டிரங்க்' என்று நிறுத்தினால், 'நான் குடிபோதையில் இருக்கிறேன்' என்றாகிவிடும்!

இது மதிப்பெண்ணோடு முடிந்துவிடும் காரியமன்று. எங்களில் ஒருத்தியின் பாட்டிக்குப் பெரிய மாத்திரை தொண்டையில் இறங்கவில்லை. பொடித்துக் கொடுக்கலாம் என்று கரண்டியை எடுத்தவள், மருந்து அட்டையைப் பார்த்தாள். 'ஸ்வாலோ ஹோல். டு நாட் க்ரஷ் ஆர் ச்யூ' என்றிருந்தது. 'ஸ்வாலோ' என்றால் விழுங்கு. 'க்ரஷ்' என்றால் நசுக்கு. 'ச்யூ' என்றால் மெல்லு. அவள் நிறுத்திக்கொண்டாள். சில மாத்திரைகள் பல மணி நேரம் சிறிது சிறிதாகக் கரையும்படி செய்யப்பட்டவை. நசுக்கினால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் உடலில் சேர்ந்து தீங்கு செய்யும். மருத்துவரிடம் சொன்னதும் வேறு மருந்து எழுதித் தந்தார்.

ஆனால், குடற்புழு நீக்க நாளில் பள்ளியில் தரும் 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரையை மென்றே உட்கொள்ள வேண்டும், அதற்கு 'ச்யூ'. தொண்டை வலிக்குத் தரும் இனிப்பு வில்லையை வாயில் அடக்கிச் சப்ப வேண்டும், அதற்கு 'சக்'.

இத்தகைய நுட்பம் தமிழுக்குப் புதிதன்று. சோற்றை உண்கிறோம், முறுக்கைத் தின்கிறோம், நீரைப் பருகுகிறோம், தேனை நக்குகிறோம். ஆங்கிலம் கற்கப் போய் நம் தமிழின் செல்வத்தையும் கண்டுகொண்டோம்!

தோழியரே, இன்று வீட்டிலுள்ள மருந்து அட்டைகளை எடுத்து, அவற்றிலுள்ள வினைச்சொற்களைப் பெரியவர்களுக்குப் படித்துப் பொருள் சொல்வோம். கற்ற கல்வி முதலில் நம் வீட்டிற்குப் பயன்படட்டும்.