ஆச்சியிடம் விட்டுப் போகலாமா? பள்ளிப் பிள்ளைக்கு எந்தக் கொரோனா டெஸ்ட்

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்து பத்து நாள் ஆகியிருக்காது, வீட்டுக்கு ஒரு பிள்ளை மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிடும். இரண்டு மாதம் தனித்தனியாகக் கிடந்த பிள்ளைகள் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தால் சளி கைமாறத்தான் செய்யும். முன்பெல்லாம் அந்தச் சளிக்கு யாரும் பெயர் கேட்டதில்லை. 2020-க்குப் பிறகு கேட்கிறோம்: கொரோனாவாக இருக்குமோ? 2023 மே மாதமே உலக சுகாதார நிறுவனம் அவசரநிலையை விலக்கிக்கொண்டது. கிருமி விலகவில்லை. 2025-இல் பள்ளி திறந்த அதே ஜூன் மாதம், நாடு முழுக்கச் சிகிச்சையில் இருந்தவர்களின் எண்ணிக்கை மறுபடியும் ஏழாயிரத்தைத் தாண்டியது.

நம்மூர் ஆறுமுகநேரியில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு மூன்று வழி இருக்கிறது. மெடிக்கலில் கிட் வாங்கி வீட்டிலேயே பார்ப்பது ஒன்று. காயல்பட்டினம் அல்லது திருச்செந்தூர் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், ஆய்வகத்தில் பார்க்கும் ஆர்.டி.பி.சி.ஆர். எடுக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்பது இன்னொன்று. டெஸ்ட்டே வேண்டாம் என்று பிள்ளையை வீட்டில் இருத்திப் பார்த்துக்கொள்வது மூன்றாவது. மூன்றாவதைப் பலர் அசட்டை என்று நினைக்கிறார்கள். பெரும்பாலான வீடுகளுக்கு அதுதான் சரி என்பது என் கட்சி.

ஏனென்றால் காய்ச்சலடிக்கிற பிள்ளை எப்படியும் பள்ளிக்குப் போகக் கூடாது. கொரோனா என்றாலும் போகக் கூடாது, ப்ளூ என்றாலும் போகக் கூடாது, பெயர் தெரியாத வைரஸ் என்றாலும் போகக் கூடாது. கிட்டில் ஒரு கோடு (நெகட்டிவ்) வந்தாலும் இரண்டு கோடு (பாசிட்டிவ்) வந்தாலும் நாளைக் காலையில் செய்யப்போவது ஒன்றுதான் என்றால் அந்தக் கிட்டுக்குக் காசு எதற்கு?

ஆனால் இந்த ஊரில் ஒரு கணக்கு உண்டு. அப்பாவும் அம்மாவும் பொழுது விடியுமுன் உப்பளத்துக்குப் போய்விடும் வீடுகளில், பள்ளிக்குப் போகாத பிள்ளை எங்கே இருக்கும்? ஆச்சி மடியில். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை போடுகிற எழுபது வயது ஆச்சி. வகுப்பைக் காப்பாற்றிவிட்டு ஆச்சியிடம் கொண்டுபோய் விடுகிறோம். கொரோனா அநேகமாகப் பிள்ளைகளைச் சளியோடு விட்டுவிடும், அது கடிப்பது வயசானவர்களை. ஆகவே கிட் வாங்குவது பிள்ளைக்காக அல்ல, ஆச்சிக்காக. இரண்டு கோடு வந்தால் அம்மா கூலியை விட்டு வீட்டில் இருக்க வேண்டும், அல்லது ஆச்சியைப் பக்கத்துத் தெரு மகன் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். டெஸ்ட்டால் உடனே மாறுகிற முடிவு அது ஒன்றுதான். வீட்டில் வயசாளியோ, கர்ப்பிணியோ, டயாலிசிஸ், கேன்சர் சிகிச்சை என்று இருப்பவரோ இல்லை என்றால் அந்த முடிவும் இல்லை.

மற்ற ஊர்களில் எப்படிச் செய்தார்கள்

பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பும்போது வீட்டில் டெஸ்ட் எடுத்துவிட்டு வரச் சொன்ன நாடுகள் உண்டு. இங்கிலாந்தில் 2021 மார்ச் 8 அன்று பள்ளிகளைத் திறந்தபோது உயர்நிலை மாணவர்களை வாரம் இரண்டு முறை பார்க்கச் சொன்னார்கள். கிட்டை அரசே இலவசமாகக் கொடுத்தது. சிங்கப்பூரில் சொந்தக்காரர்கள் இருப்பவர்களுக்கு, இந்த வகைக் கிட்டுக்கு அங்கே வழங்கும் ஏ.ஆர்.டி. என்ற பெயர் பழக்கம். 2021 கடைசியில் அங்கே தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிட் கொடுத்து வீட்டில் பார்க்கச் சொன்னார்கள். ஜெர்மனியின் ஒரு மாநிலத்தில் இன்னும் சுலபம்: சின்னப் பிள்ளைகள் பஞ்சுக் குச்சியை லாலிபாப் மாதிரி அரை நிமிடம் சப்பிக் கொடுக்க, வகுப்புக் குச்சிகளை எல்லாம் ஒன்றாகப் போட்டு ஒரே பி.சி.ஆர். பார்த்துவிட்டார்கள். மூக்கைத் தொடவே இல்லை.

தமிழ்நாடு அந்த வழிக்கே போகவில்லை. 2020 ஏப்ரலில் வந்திறங்கிய சீன ரேபிட் கிட்களைத் திருப்பி அனுப்பியதோடு சரி, அதற்கப்புறம் ஆர்.டி.பி.சி.ஆர். மட்டும்தான் என்று அரசு பிடிவாதமாக நின்றது. (அந்தக் கிட் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் தேடுவது. இப்போது மெடிக்கலில் கிடைப்பது மூக்குச் சளியில் கிருமியின் புரதத்தைத் தேடும் ஆன்டிஜென் கிட். இரண்டும் வேறு.) 2021 செப்டம்பர் 1-இல் ஒன்பது முதல் பன்னிரண்டு வகுப்புகள், நவம்பர் 1-இல் ஒன்று முதல் எட்டு, ஒமைக்ரானுக்காக மூடிய பிறகு 2022 பிப்ரவரி 1-இல் எல்லாரும் என்று பள்ளிகள் திறந்தன. வாசலில் நெற்றிக்கு நேரே வெப்பமானி, கையில் சானிடைசர், முகத்தில் மாஸ்க், தொடக்கத்தில் வகுப்புக்கு இருபது பேர். டெஸ்ட் எடுத்துவிட்டு வா என்று எந்தப் பிள்ளையையும் பொதுவாகக் கேட்கவில்லை. பணம் இல்லாததால்தான் கேட்கவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. கீழே வரும் கணக்கைப் பார்த்தால் மீதிப் பாதி புரியும்.

கிட் எவ்வளவு நம்பகம்

இந்தியாவில் முதலில் அனுமதி பெற்ற வீட்டுக் கிட் புனே மைலேப் நிறுவனத்தின் கோவிசெல்ஃப். 2021 மே மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) ஒப்புதல் கொடுத்தது, அப்போது விலை 250 ரூபாய். பின்னாலேயே ஆபட் நிறுவனத்தின் பேன்பயோ, மெரிலின் கோவிஃபைண்ட் எல்லாம் வந்தன. ஒப்புதல் கொடுத்தபோதே ஐ.சி.எம்.ஆர். ஒரு வரம்பும் போட்டது: அறிகுறி உள்ளவரும், தொற்று உறுதியானவரோடு நெருங்கி இருந்தவரும் மட்டும் பார்க்கட்டும், கண்டபடி எல்லாரும் பார்க்க வேண்டாம். பாசிட்டிவ் வந்தால் பாசிட்டிவ்தான், திரும்பப் பார்க்க வேண்டியதில்லை. அறிகுறி இருந்தும் நெகட்டிவ் வந்தால் ஆர்.டி.பி.சி.ஆர். எடுக்க வேண்டும் என்றும் அப்போது சொன்னது.

உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் அமைப்பு 2021 மார்ச்சில் சொன்னது இது. இந்த வகைக் கிட்கள் அறிகுறி உள்ளவர்களில் சராசரியாக நூற்றுக்கு 72 பேரைப் பிடிக்கின்றன, அறிகுறி இல்லாதவர்களில் 58 பேரைத்தான். தொற்றே இல்லாதவருக்கு உண்டு என்று தவறாகச் சொல்வது ஆயிரத்துக்கு நாலு பேர் அளவில்.

இதை நம் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவருவோம். ஊரில் தொற்று ஏறக்குறைய இல்லாத சமயம், ஆயிரம் பிள்ளைகள், அவர்களில் ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் தொற்று என்று வையுங்கள். எல்லாரும் கிட் போட்டால் அந்த ஒரு பிள்ளை மாட்டலாம், மாட்டாமலும் போகலாம். ஆனால் நல்ல பிள்ளைகள் நாலு பேர் வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள். இப்போது அலை அடிக்கிற சமயம், காய்ச்சலோடு ஆயிரம் பிள்ளைகள், 200 பேருக்கு நிஜமாகவே தொற்று என்று வையுங்கள். கிட் சுமார் 144 பேரைப் பிடிக்கும், தவறாகச் சொல்வது மூன்று பேரைத்தான். அதே கிட், அதே மெடிக்கல். முதல் கணக்கில் இரண்டாவது கோட்டைச் சந்தேகப்பட வேண்டும், இரண்டாவது கணக்கில் நம்பலாம். ஆனால் அந்த 200-இல் நழுவிப் போன 56 பேரையும் மறந்துவிடக் கூடாது. ஒற்றைக் கோடு வந்த பிள்ளையை ஆச்சியிடம் விட்டுப் போகிற அம்மாவுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரே நெகட்டிவை வைத்து நிம்மதியாக இருக்காதீர்கள். 48 மணி நேரம் கழித்து இன்னொரு கிட் போடுங்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2022 ஆகஸ்டில் இப்படித்தான் மாற்றிச் சொன்னது. வாங்கினால் இரண்டு கிட்டாக வாங்குங்கள். ஒன்று வாங்குவது பாதி வாங்கியதுபோல.

மெடிக்கலில் "அண்ணாச்சி, கொரோனா கிட் இருக்கா?" என்று கேட்டால் மேல் அடுக்கில் தூசி தட்டி எடுத்துக் கொடுக்க வாய்ப்புண்டு. எக்ஸ்பைரி தேதியை அங்கேயே பாருங்கள். கிட்டை 2 முதல் 30 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். நம்மூர் வெயிலில் தகரக் கூரை வீட்டு அலமாரி 30-ஐ எப்போதோ தாண்டியிருக்கும். பிரிட்ஜ் கதவில் வையுங்கள், பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுங்கள். டெஸ்ட் பட்டை இருக்கும் உறையை, பஞ்சுக் குச்சியைக் கையில் எடுக்கும்போதுதான் கிழிக்க வேண்டும். கடல்காற்று ஈரம் பட்டையில் ஏறினால் வேலை கெட்டுப்போகும்.

சின்னப் பிள்ளைக்கு அம்மாவோ அப்பாவோதான் எடுக்க வேண்டும். பிள்ளையை மடியில் வைத்துத் தலையைத் தோளில் சாய்த்துக்கொள்ளுங்கள். முதலில் மூக்கைச் சிந்தவிடுங்கள். பஞ்சு முனையைத் தொடாமல் எடுத்து, மேல்நோக்கி அல்ல, பின்பக்கம் நேராகக் கொஞ்சமாய் நுழைத்து, மூக்குச் சுவரை ஒட்டி ஐந்து சுற்று. அதே குச்சியால் அடுத்த மூக்குத் துளையிலும் ஐந்து சுற்று. தடை தட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். "கூசுதும்மா" என்று பிள்ளை தலையைத் திருப்பும். திருப்பிய அவசரத்தில் ஒரே சுற்றில் குச்சியை வெளியே எடுத்துவிடுவதுதான் வீட்டு டெஸ்ட்டில் வழக்கமாக நடக்கும் தப்பு. பஞ்சில் சளி ஏறவில்லை என்றால் கிட்டோடு வரும் திரவக் குழாயில் எத்தனை முறை கலக்கியும் பயனில்லை. பட்டையில் அந்தத் திரவத்தை இரண்டு சொட்டு விட்டதும் செல்போனில் 15 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். 20 நிமிடத்துக்கு மேல் தெரிகிற கோட்டுக்கு மதிப்பில்லை. சி என்ற இடத்தில் கோடே இல்லையென்றால் கிட் வீண். டி என்ற இடத்தில் இருக்கோ இல்லையோ என்கிற மாதிரி மங்கலாக வந்தாலும் அது பாசிட்டிவ்தான், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்க வேண்டாம்.

பெரிய பிள்ளைகள் தனியாகப் பார்த்துவிட்டு வந்து காட்டினால் கொஞ்சம் உஷாராக இருங்கள். இங்கிலாந்தில் சில மாணவர்கள் பட்டையில் ஆரஞ்சு ஜூஸை விட்டு இரண்டு கோடு வரவைத்து லீவு எடுத்தார்கள். கணக்குப் பரீட்சை எங்கும் கணக்குப் பரீட்சைதான்.

ஆர்.டி.பி.சி.ஆர். எப்போது

ஆர்.டி.பி.சி.ஆர். கிட்டைவிட நுட்பமானது, கொஞ்சமே கிருமி இருந்தாலும் பிடிக்கும். அரசு மருத்துவமனையில் எடுத்தால் செலவில்லை. தனியாரில் 2021 மே மாதம் அரசு வைத்த உச்சவரம்பு 900 ரூபாய், வீட்டுக்கு வந்து எடுக்க 300 கூடுதல். முடிவு வர ஒருநாளோ இரண்டு நாளோ ஆகும். அதற்குள் ஆச்சிக்குத் தொற்ற வேண்டுமென்றால் தொற்றியிருக்கும். ஆகவே வீட்டுக்குள் யார் எங்கே படுப்பது என்ற முடிவுக்கு இது உதவாது. டாக்டர் கேட்டால் எடுங்கள்: பிள்ளைக்கு ஆஸ்துமா, இதய நோய், ரத்த நோய் இருந்தால், மருத்துவமனையில் சேர்க்கவேண்டி வந்தால், ஒரு மாதத்துக்கு முன் கொரோனா வந்துபோய் இப்போது விடாத காய்ச்சலும் கண் சிவப்பும் வயிற்றுவலியும் தடிப்பும் சேர்ந்து வந்தால். கடைசியில் சொன்னதற்கு வீட்டில் ஒருநாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

ஆர்.டி.பி.சி.ஆரை எடுக்கவே கூடாத சமயமும் ஒன்று உண்டு. குணமான பிள்ளை பள்ளிக்குத் திரும்ப "நெகட்டிவ் சர்டிபிகேட்" கேட்கும்போது. செத்த கிருமியின் துணுக்கைக்கூட அது வாரக்கணக்கில் பிடித்துக்கொண்டே இருக்கும். ஒமைக்ரான் சமயம் 2022 ஜனவரியில் மத்திய அரசு போட்ட விதியிலேயே வீட்டுத் தனிமை ஏழு நாள், கடைசி மூன்று நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் மறு டெஸ்ட் தேவையில்லை என்றுதான் இருந்தது. பள்ளியில் கேட்டால் இதைச் சொல்லலாம்.

நெகட்டிவ், ஆனால் காய்ச்சல் விடவில்லை

இந்தக் கடற்கரை ஊர்களில் கொரோனா கிட்டால் வரக்கூடிய பெரிய ஆபத்து இங்கேதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் அளத்தில் வேலை நின்றிருக்கும், தெருவில் தண்ணீர் தேங்கியிருக்கும், கொசு ஏறியிருக்கும். அந்தச் சமயம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து கிட்டில் ஒற்றைக் கோடு வந்தால் "அப்பாடா, கொரோனா இல்லை" என்று விட்டுவிடுகிறோம். டெங்கு அந்த நிம்மதிக்குள் ஒளிந்திருக்கும். காய்ச்சலோடு கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பு வலி, வாந்தி என்று இருந்தால் ஆரம்ப நாட்களிலேயே ரத்தத்தில் டெங்குவைத் தேடும் என்.எஸ்.1 டெஸ்ட் பார்க்கச் சொல்லி அரசு மருத்துவமனையில் கேளுங்கள். பாராசிட்டமால் தவிர வேறு காய்ச்சல் மாத்திரையை, முக்கியமாக ஆஸ்பிரினையும் ப்ரூஃபனையும், டாக்டர் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. கொரோனாவிலும் ப்ளூவிலும் காய்ச்சல் விட்டால் பிள்ளை தேறுகிறது என்று அர்த்தம். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நாள்தான் கவனிக்கவேண்டிய நாள். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள்வரை வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுவது, மந்தமாகப் படுத்துக்கிடப்பது, சிறுநீர் குறைவது இதில் எது வந்தாலும் பள்ளிப் பையை எடுக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் பஸ் ஏறுங்கள். மூச்சு வேகமாக வாங்கினாலோ விலாவில் குழி விழுந்தாலோ எந்தக் காய்ச்சலாக இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

திரும்ப அனுப்பும்போது

மாத்திரை கொடுக்காமலேயே முழுசாக ஒருநாள் காய்ச்சல் இல்லாமல் இருந்து, பிள்ளை வழக்கம்போலச் சாப்பிட்டு ஓடியாடினால், கொரோனா அல்லாத சளிக்கு அது போதும். லேசான இருமல் இன்னும் பத்து நாள் இருக்கும், அதற்காக வீட்டில் வைக்க வேண்டாம். கிட்டில் இரண்டு கோடு வந்த பிள்ளை என்றால் ஏழு நாள் கணக்கையே வைத்துக்கொள்ளலாம். திரும்பிய முதல் சில நாள் மாஸ்க் போட்டு அனுப்பினால் நல்லது. அந்த ஏழு நாளும் ஆச்சி இருக்கும் அறைக்குப் பிள்ளை போகக் கூடாது என்பதுதான் கஷ்டமான பகுதி. ஒற்றை அறை வீடு என்றால் ஆச்சிக்கும் பிள்ளைக்கும் மாஸ்க், ஜன்னலைத் திறந்து வைப்பது, ஆச்சி திண்ணையில் படுப்பது. ஆச்சிக்குக் காய்ச்சலோ இளைப்போ தட்டினால் அன்றைக்கே மருத்துவமனை.

பயன்படுத்திய குச்சியையும் பட்டையையும் கிட்டோடு வரும் பையில் கட்டி, துப்புரவுப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள். குழாயில் உள்ள திரவத்தைப் பிள்ளை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாசிட்டிவ் என்றால் வகுப்பாசிரியருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். லீவு லெட்டரில் காய்ச்சல் என்று எழுதினாலே போதும், ஆனால் போனில் உண்மையைச் சொல்லுங்கள். பக்கத்து பெஞ்சுப் பிள்ளை வீட்டிலும் ஒரு ஆச்சி இருப்பாள், அவளுக்கு யார் சொல்வது என்பதை டீச்சர் பார்த்துக்கொள்வார்.