பாடம் 6: கையடக்கப் படக்கருவி

தில்லியும் உத்தரப்பிரதேசமும் கூடும் எல்லையில், யமுனைக் கரையில் ஓக்லா பறவைகள் சரணாலயம் உள்ளது. குளிர்காலத்தில் வடதிசை நாடுகளிலிருந்து வலசை வரும் வாத்துகளை அங்குக் காணலாம். பள்ளிக் குழுவுடன் அங்குச் செல்லும் மாணவர்க்கு, கண்ட காட்சியைப் படமாக்கி ஊரிலுள்ள பாட்டிக்கு அனுப்பும் ஆசை எழுவது இயல்பு. அதற்கு விலைமிகுந்த கருவி தேவையில்லை. தேவையறிந்து தேர்ந்தால் எளிய கருவியே போதும்.

1975இல் அமெரிக்காவின் கோடக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன், கையில் எடுத்துச் செல்லத்தக்க முதல் எண்மப் படக்கருவியை உருவாக்கினார். அதன் எடை ஏறத்தாழ 3.6 கிலோகிராம். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 நொடிகள் ஆயின. அப்படத்தில் இருந்தவை 10,000 புள்ளிகளே. இன்று சட்டைப்பையில் அடங்கும் கருவி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளை நொடிப்பொழுதில் பதிகிறது.

புள்ளிகளின் எண்ணிக்கை

பத்து இலட்சம் புள்ளிகள் சேர்ந்தது ஒரு மெகாபிக்சல். கடைக்காரர் முதலில் சொல்வதும் பெட்டியின்மேல் பெரிதாக அச்சிடப்படுவதும் இந்த எண்ணே. ஆனால் 6 × 4 அங்குலப் படத்தை, அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட 1800 × 1200 = 21,60,000 புள்ளிகள் போதும். எனவே 12 மெகாபிக்சல் கருவியே தேவைக்கு மிகுதியானது.

ஒளியை வாங்கும் உணரி, சிறிய கருவிகள் பலவற்றில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் அகலமே உடையது. அச்சிறு பரப்பில் புள்ளிகளைப் பெருக்கினால், ஒவ்வொரு புள்ளியும் பெறும் ஒளி குறையும். விடியற்காலையிலும் அந்தியிலும் எடுத்த படங்கள் மணல் தூவியதுபோல் தோன்ற இதுவும் ஒரு காரணம்.

தொலைவும் தெளிவும்

நாரை கரையருகே வந்து நிற்பதில்லை. தொலைவிலுள்ளதைப் பெரிதாக்க இருவழிகள் உண்டு. வில்லைகள் நகர்ந்து பெரிதாக்குவது ஆப்டிகல் ஜூம். இதில் புள்ளிகள் குறைவதில்லை. படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது டிஜிட்டல் ஜூம். 16 மெகாபிக்சல் படத்தை இவ்வாறு இருமடங்கு பெரிதாக்கினால், உண்மையில் எஞ்சுவது 4 மெகாபிக்சலே. ஆகவே ஆப்டிகல் ஜூம் எத்தனை மடங்கு என்பதையே கேட்டறிய வேண்டும். கைநடுக்கத்தைச் சமன்செய்யும் வசதியும் இருத்தல் நலம்.

வெயிலும் மழையும் குளிரும்

நீர்புகாக் கருவி படகில் செல்வோர்க்குப் பயன்படும். கரையில் நின்று பறவை காண்போர்க்கு, மழை வந்தால் கருவியை மூடிவைக்க ஒரு நெகிழிப்பை போதும். கடும் வெயிலில் திரை மங்கலாகத் தெரியும் என்பதால், வாங்குமுன் கடைக்கு வெளியே கொண்டுவந்து பார்த்தல் வேண்டும். மலைக்குளிரில் மின்கலம் விரைவில் சோரும். மாற்று மின்கலத்தை உடலோடு ஒட்டிய உட்பையில் வைத்துக்கொள்ளலாம்.

பணமும் பயனும்

ஒரு குடும்பம் இதற்கென 8,000 ரூபாய் சேர்த்து வைத்துள்ளது எனக் கொள்வோம். அது பெற்றோர் பல மாதங்கள் சிறுகச் சிறுக மிச்சம்பிடித்த பணம். முழுவதையும் கருவிக்கே கொடுத்துவிட்டால், நினைவக அட்டைக்கும் மாற்று மின்கலத்திற்கும் உறைக்கும் பணம் இராது. நண்பகலுக்குள் மின்கலம் தீர்ந்த கருவி வெறும் சுமையே. எனவே இவற்றுக்கான தொகையை முதலில் ஒதுக்கிவிட்டு, எஞ்சியதில் கருவியைத் தேடுவது அறிவுடைமை.

கைப்பேசிகள் பெருகியபின் விலைகுறைந்த சிறு கருவிகளின் உற்பத்தி மிகவும் குறைந்துவிட்டது. அதனால் பலர் பழைய கருவிகளை நாடுகின்றனர். தில்லி சாந்தினி சௌக்கை அடுத்த கூச்சா சௌத்ரி, படக்கருவிக் கடைகளுக்குப் பெயர்பெற்றது. பழைய கருவியை வாங்குவோர் வில்லையில் பூஞ்சை படர்ந்துள்ளதா, மின்கலம் உப்பியுள்ளதா, அதற்கேற்ற புதிய மின்கலம் இன்றும் கிடைக்குமா என ஆராய வேண்டும். சில படங்களை அங்கேயே எடுத்து, பெரிதாக்கிப் பார்ப்பதும் தேவை.

பூவையும் நண்பர்களையும் மட்டும் படமெடுக்க விரும்பினால், வீட்டிலுள்ள கைப்பேசியே போதும். அப்போது வாங்காதிருப்பதும் நல்ல தேர்வே. ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது தமிழர் பழமொழி.

பொருள் அறிக

எண்மப் படக்கருவி – டிஜிட்டல் கேமரா
வலசை – பருவந்தோறும் பறவைகள் இடம்பெயர்தல்
வில்லை – லென்ஸ்
உணரி – சென்சார்
மின்கலம் – பேட்டரி
சோர்தல் – வலுவிழத்தல்

பயிற்சி

1. ஆப்டிகல் ஜூம், டிஜிட்டல் ஜூம் – வேறுபாடு யாது?
2. 10 × 8 அங்குலப் படத்தை அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட 8 மெகாபிக்சல் போதுமா? கணக்கிட்டு எழுதுக.
3. பிரித்து எழுதுக: கையடக்கம், உட்பை, மின்கலம்.
4. பாடத்தில் வரும் பழமொழியின் பொருளை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டு, ஐந்து வரிகளில் எழுதுக.