சொல்லும் சித்திரமும்

பாட்டி கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது குழந்தை இடைமறித்துக் கேட்பதை நாம் எல்லோரும் அறிவோம். "அரசகுமாரன் ஏன் ஏழாவது அறையின் கதவைத் திறந்தான்? நானாக இருந்தால் திறந்திருக்க மாட்டேனே!" என்று அது கூறும். பாட்டி சிரித்துவிட்டுத் தான் சொல்ல வந்தபடியே கதையை நடத்திச் செல்வாள். ஏட்டில் எழுதிய கதையும் அவ்வாறே; படிப்பவர் எவ்வளவு வருந்தினாலும் அந்தக் கதவு திறந்தே தீரும். குழந்தையின் விருப்பத்துக்கு இடந்தரும் புதுவகைக் கதையொன்று கணிப்பொறியின் துணையால் பிறந்தது. அதில் படிப்பவரே கதை மாந்தருள் ஒருவர். கதவைத் திறப்பதும் திறவாமல் திரும்புவதும் அவர் விருப்பம். அதற்கேற்பக் கதை கிளைவிட்டுச் செல்லும். அதனை ஊடாட்டக் கதை என்று வழங்குவர். சொல்லோடு படமும் சேர்ந்துவரின் அது சித்திர ஊடாட்டக் கதையாகும்.

இத்தகைய கதையைத் தாமே இயற்ற விரும்பும் இளைஞர்கள் இன்று பலர் உளர். எந்தக் கருவியைக் கொண்டு இயற்றுவது, அதற்குரிய கருத்தை எங்கிருந்து பெறுவது என்னும் இரண்டு வினாக்களும் அவர்களுக்கு உடனே எழுகின்றன. பெரும்பாலோர் கருவியைத் தேடுவதிலேயே முதற்கண் காலத்தைச் செலவிடுகின்றனர். நாம் இரண்டாவது வினாவை முதலில் எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் மாமத் குகை என்னும் பெருங்குகை ஒன்று உள்ளது. உலகில் இதுவரை அளந்தறியப்பட்ட குகைகளுள் நீளத்தில் முதன்மையானது அதுவே. வில் கிரௌதர் என்னும் கணிப்பொறி வல்லுநரும் அவர் மனைவி பெட்ரீஷியாவும் அக்குகையின் இருண்ட வழிகளில் தவழ்ந்தும் ஊர்ந்தும் சென்று அளவெடுத்து, வரைபடம் ஆக்கியவர்கள். பின்னர் அவர்களுடைய மணவாழ்க்கை முறிந்தது. தந்தையைப் பிரிந்து வாழ்ந்த தம் இரு பெண்மக்களும் மகிழ வேண்டும் என்று கருதிய கிரௌதர், 1975-76ஆம் ஆண்டளவில் ஒரு விளையாட்டை இயற்றினார். அதில் படமே இல்லை. குகையின் ஒவ்வோர் இடமும் சொற்களாலேயே விளக்கப்பெறும். விளையாடுவோர் 'வடக்கே செல்', 'விளக்கை எடு' என்பன போன்ற கட்டளைகளைத் தட்டச்சு செய்தால் அதற்குரிய விடை வரும். 1977இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் வுட்ஸ் அதனை விரித்து எழுதினார். 'அட்வென்ச்சர்' என்ற பெயரால் அது பல நகரங்களிலிருந்த பெருங்கணிப்பொறிகளுக்குப் பரவியது. பின்னாளில் அந்த விளையாட்டின் வழிகளை மனத்திற்கொண்டு மெய்யான குகைக்குள் இறங்கிப் பார்த்தவர்கள், இரண்டும் பெரிதும் ஒத்திருக்கக் கண்டு வியந்தனர். தம் முழங்கால் தேய ஊர்ந்த வழிகளையே கிரௌதர் கதையாக்கியிருந்தார்.

கலிபோர்னியாவில் ராபர்ட்டா வில்லியம்ஸ் என்னும் பெண்மணி இவ்விளையாட்டில் ஈடுபட்டார். ஆடி முடித்தபின் இது போன்ற வேறொன்று கிடைக்காதா என்று தேடினார், போதுமானவை கிடைக்கவில்லை. ஆகவே சமையலறை மேசைமீது தாள்களைப் பரப்பி, ஒரு பழைய மாளிகையின் அறைகளை வரைந்து, தாமே ஒரு கதை வகுக்கத் தொடங்கினார். அகதா கிறிஸ்டி 1939இல் வெளியிட்ட துப்பறியும் நாவல் ஒன்று அவருக்குத் தூண்டுகோலாயிற்று. தனித்த தீவொன்றில் கூடியவர்கள் ஒருவர்பின் ஒருவராக மாள்வது அதன் கதை. குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் பலகை விளையாட்டு ஒன்றும் அவருக்குத் துணைநின்றது. அவர் குகைக்குச் செல்லவில்லை என்பதை நோக்குக. தாம் விரும்பிப் படித்ததையும் ஆடியதையும் கொண்டே கதை சமைத்தார். மாளிகையில் எழுவர் உள்ளனர்; எங்கோ அணிகலன்கள் மறைந்து கிடக்கின்றன; அவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்படுகின்றனர். கொலைஞர் யார் என்பதை விளையாடுவோர் கண்டறிதல் வேண்டும். 'மிஸ்டரி ஹவுஸ்', அதாவது 'மர்ம வீடு', என்பது அதன் பெயர். நிரல் எழுதும் பணியை அவர் கணவர் கென் வில்லியம்ஸ் ஏற்றுக்கொண்டார்.

இக்கதைக்குப் படங்கள் வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தபோதுதான் தொல்லை தொடங்கிற்று. அவர்களிடம் இருந்தது ஆப்பிள் 2 என்னும் சிறு கணிப்பொறி. அதன் திரையில் தோன்றும் படம் ஒன்றைப் புள்ளி புள்ளியாக அப்படியே பதிந்து வைப்பின் ஏறத்தாழ 8 கிலோபைட் இடம் வேண்டும். அஃதாவது, எட்டாயிரம் எழுத்துகளுக்குரிய இடம். அந்நாளில் விளையாட்டு பதியப்பெறும் வட்டு ஒன்றில் இருந்த இடமோ 140 கிலோபைட்டுக்கு மேற்பட்டதன்று. கணக்கிட்டுப் பாருங்கள்: வேறொன்றும் இல்லாமல் படங்களை மட்டும் நிரப்பினாலும் பதினேழு படங்களோடு வட்டு நிறைந்துவிடும். ராபர்ட்டா விரும்பியவை எழுபது படங்கள். அவற்றுக்கு 560 கிலோபைட், அதாவது நான்கு வட்டுகள், வேண்டும். கதைக்கும் நிரலுக்கும் இடம் எங்கே?

படத்தைப் பதியாமல், படம் வரையும் முறையைப் பதிவதே அவர்கள் கண்ட வழி. ஒரு கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் குறிக்கச் சில எண்கள் போதும். நூறு கோடுகளால் ஆன அறையொன்று சில நூறு பைட்டுகளில் அடங்கிவிடும். விளையாடுவோர் அறைக்குள் நுழைந்தவுடன் கணிப்பொறி அந்த எண்களைப் படித்து, அவர் கண்முன்னே கோடு கோடாக அறையை வரைந்து காட்டும். இதற்காக அவர்கள் 'வெர்சாரைட்டர்' என்னும் வரைபலகை ஒன்றை வாங்கினர். முழங்கை போல் மடங்கும் கை ஒன்று அதில் பொருத்தப்பட்டிருக்கும். தாளில் வரைந்த படத்தின்மீது அக்கையை நகர்த்தினால் அது செல்லும் வழி கணிப்பொறிக்குத் தெரியவரும். அதனோடு வந்த நிரல் தமக்குப் போதாது என்று கண்ட கென், தாமே வேறொன்று எழுதிக்கொண்டார். இவ்வாறு எழுபது படங்களும் ஒரே வட்டில் அடங்கின.

அப்படங்கள் அழகியவை என்று சொல்வதற்கில்லை. கருந்திரையில் வெண்கோடுகள், மனிதர்களோ குழந்தை கரித்துண்டால் சுவரில் எழுதிய உருவங்கள் போன்றவர்கள். திரையின் அடியில் சொற்களுக்கென ஒதுக்கப்பட்டவை நான்கே வரிகள். ஆயினும் 1980ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்த அவ்விளையாட்டு பத்தாயிரத்துக்கு மேற்பட்ட படிகள் விற்றது. வட்டையும் அச்சிட்ட தாளொன்றையும் நெகிழிப் பையிலிட்டு, 24.95 டாலர் விலையில் விற்றனர். அதற்கு முன்னர்ச் சொல்லாக மட்டும் இருந்த கதைக்கு அது கண்ணைத் தந்தது. படத்தின் குறையை அந்நாள் மக்கள் பொருட்படுத்தாமைக்கு வேறொரு காரணமும் உண்டென்பது என் எண்ணம்: பாழடைந்த மாளிகைக்கு வெறுங்கோடுகள் ஓரளவு பொருந்தியே இருந்தன. அவ்வெண்கோடுகளாலேயே ஒரு பூந்தோட்டத்தைக் காட்டப் புகுந்திருந்தால் எள்ளி நகையாடியிருப்பர்.

படம் வேண்டாம் என்றவர்களும் இருந்தனர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்தவர்கள் 1979இல் தொடங்கிய இன்ஃபோகாம் என்னும் நிறுவனம் பல்லாண்டுகள் சொற்களால் மட்டுமே கதைகளை வெளியிட்டது. மனக்கண்ணைவிடச் சிறந்த திரை உண்டோ என்பது அவர்கள் வாதம். எனினும், 1982இல் அவர்கள் வெளியிட்ட 'டெட்லைன்' என்னும் துப்பறியும் கதையில் சொல்ல வேண்டிய செய்திகள் யாவும் வட்டில் அடங்கவில்லை. என் செய்தனர்? விசாரணைக் குறிப்புகள், ஆய்வுக்கூட அறிக்கை, கொலை நிகழ்ந்த இடத்தின் நிழற்படம், சில மாத்திரைகள் ஆகியவற்றை விளையாட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்து விற்றனர். படத்தை வேண்டாம் என்றவர்களின் பெட்டிக்குள்ளும் ஒரு படம் நுழைந்துவிட்டது!

இனிக் கருவிகளைக் காண்போம். கென் வில்லியம்ஸைப் போன்ற துணைவர் எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. 1983இல் கிரேம் யாண்டில் என்பவர் இயற்றிய 'தி குவில்' என்னும் கருவியைக் கில்சாஃப்ட் என்னும் சிறு நிறுவனம் பிரிட்டனில் வெளியிட்டது. குவில் என்பதற்கு இறகு எழுதுகோல் என்று பொருள். நிரல் எழுதத் தெரியாதவரும் இடங்கள், வழிகள், பொருள்கள், சொற்கள் ஆகியவற்றைப் பட்டியல்களில் நிரப்பியே ஒரு கதை விளையாட்டை ஆக்கிவிட அது வழிசெய்தது. பள்ளிச் சிறுவர்கள் உட்படப் பலர் தம் வீட்டிலிருந்த ஸ்பெக்ட்ரம் என்னும் 48 கிலோபைட் கணிப்பொறியில் கதை புனையலாயினர். மறு ஆண்டில் அதற்குத் துணையாக 'தி இல்லஸ்ட்ரேட்டர்' என்னும் சித்திரக் கருவியும் வந்தது. அதுவும் கோடுகளையும் நிரப்பும் வண்ணங்களையும் கட்டளைகளாகவே சேமித்தது. ஆயின் படங்களும் சொற்களும் ஒரே நினைவகத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. படத்தில் ஒரு மரத்துக்குக் கிளைகள் கூடக்கூடக் கதையில் ஒரு பத்தி குறையும். 'இம்மரம் அந்தப் பத்தியைவிடச் சிறந்ததா?' என்று ஒவ்வொரு படத்துக்கும் கேட்டே தீர வேண்டிய நிலை ஆசிரியர்களுக்கு ஏற்பட்டது.

இன்று நினைவகத்துக்குப் பஞ்சமில்லை. கைப்பேசியே அந்நாளைய வட்டுகள் பல்லாயிரத்தை விழுங்கிவிடும். ஆகவே படம் எத்துணை வேண்டுமாயினும் சேர்க்கலாம் எனச் சிலர் நினைக்கின்றனர். செலவு ஒழியவில்லை; வேறிடத்துக்கு மாறியுள்ளது. ஓர் அறையில் விளக்கு, சாவி, கடிதம் என மூன்று பொருள்கள் இருப்பதாகக் கொள்வோம். விளையாடுவோர் விளக்கை எடுத்துக்கொண்டபின் படத்தில் விளக்கு இருத்தலாகாது. மூன்றும் இருத்தல், ஒன்று மட்டும் நீங்கல், இரண்டு நீங்கல் என்றவாறு அவ்வறைக்கு எட்டு நிலைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிப்படம் வரையின் எட்டுப் படங்கள். பத்து அறைகளுக்கு எண்பது. அறிந்தவர்கள் வெற்றறையை ஒரு படமாகவும் ஒவ்வொரு பொருளையும் தனித்தனிச் சிறு படமாகவும் வரைந்து, வேண்டியபோது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவர்; அப்போது நான்கு படங்களே போதும். எனினும் பத்து அறைகளுக்கு நாற்பது படங்கள் ஆகின்றன. பள்ளி விடுமுறையில் கதை இயற்றப் புகும் மாணவர் நாற்பது படங்களை ஒரே தன்மையில் வரைந்து முடிப்பது அரிது. பல கதைகள் பாதியில் நிற்பதற்கு இதுவே காரணம்.

இக்காலக் கருவிகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் இயல்பு உண்டு. 2009இல் கிறிஸ் கிளிமாஸ் உருவாக்கிய 'ட்வைன்' கதைத் துண்டுகளை அட்டைகள் போல் பரப்பி, கோடுகளால் இணைத்துக் காட்டும். முடிந்த கதை இணையப் பக்கமாக அமையும். கிளைகள் மிகுந்த கதைக்கு அது ஏற்றது. 2004இல் டாம் ராத்தமெல் வெளியிட்ட 'ரென்பை' பின்னணிப் படத்தின்மீது மாந்தர் உருவங்களை நிறுத்தி உரையாட வைப்பதற்கென்றே அமைந்தது. முகக்குறிப்புகளே கதையை நடத்துமாயின் அதனை நாடலாம். வரைய விருப்பமில்லாதவர் அதனிடம் செல்லல் வீண். கிரஹாம் நெல்சன் 1993இல் தோற்றுவித்த 'இன்ஃபார்ம்', கிரௌதரின் வழியில், தட்டச்சு செய்யும் கட்டளைகளை அறிந்து விடைகூறும் கதைகளுக்கு உரியது.

இங்கே தமிழில் எழுத விரும்புவோர் கருத வேண்டிய ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் விளக்கைக் குறிக்கும் பெயர்ச்சொல் எந்தக் கட்டளையிலும் உருமாறாது நிற்கும். தமிழிலோ 'விளக்கை எடு', 'விளக்கில் எண்ணெய் ஊற்று', 'விளக்கோடு செல்' என வேற்றுமை உருபு ஏற்றுப் பெயர் மாறுகின்றது, ஒற்றும் மிகுகின்றது. ஆங்கிலத்துக்கென அமைந்த கருவி இவற்றையெல்லாம் ஒரே விளக்காக அறிந்துகொள்ளாது. ஆதலின் தட்டச்சுக் கட்டளைக் கதையைவிட, தரப்பட்ட வழிகளுள் ஒன்றைத் தொட்டுத் தேரும் கதையே தமிழில் தொடங்குவோர்க்கு எளிது. இலக்கணத்தில் வல்ல மாணவர் ஒருவர் பின்னாளில் இத்தடையை நீக்குவாராயின் நன்று.

இங்கிலாந்திலுள்ள இங்கிள் என்னும் நிறுவனம் 2014இல் '80 டேஸ்' என்ற கதை விளையாட்டை வெளியிட்டது. ஜூல் வெர்ன் எழுதிய உலகப் பயண நாவலே அதற்கு மூலம். மெக் ஜயந்த் எழுதிய அதன் சொற்கள் பல இலட்சம். படங்களோ சில வண்ணங்களாலான எளிய உருவங்களும் நிழலுருக்களுமே. நகரின் ஒவ்வொரு தெருவையும் வரைய அவர்கள் முயலவில்லை. உலக உருண்டை ஒன்றைக் காட்டி அதில் வழிகளைக் குறித்தனர். எந்த வழியில் செல்வது என்பதே அக்கதையில் ஆடுவோரின் கவலையாதலின், அவ்வுருண்டையே அவர் அடிக்கடி நோக்கும் சித்திரமாயிற்று.

மாணவர்களே, நீங்கள் இத்தகைய கதையொன்றை இயற்ற எண்ணினால் முதலில் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டிலும் தடுமாறாமல் நடக்கக்கூடிய அளவு உங்களுக்குப் பழகிய இடம் ஒன்றன் வரைபடத்தை அதில் எழுதுங்கள். பழைய வீடாகலாம், ஆற்றுப் படித்துறையாகலாம். அதில் நிகழ்வதைச் சொற்களால் எழுதி, நண்பர் ஒருவர்க்குப் படித்துக் காட்டி, அடுத்து என்ன செய்வாய் என்று ஒவ்வோரிடத்திலும் கேளுங்கள். சொல்லைக் கேட்டும் அவர் செய்வதறியாது, 'அது எப்படி இருக்கிறது, காட்டு' என்று கேட்கும் இடங்களும் வரும். அவ்விடங்களை மட்டும் வட்டமிட்டு வையுங்கள். வட்டங்களை எண்ணிய பின்னர்க் கருவியைத் தேடப் புறப்படலாம்.