லோஃபுவில் மதியச் சாப்பாடு

கேள்வி: கணவரும் நானும் அக்டோபரில் சைப்ரஸ் போகிறோம். லிமசோலில் தங்கல். ஒரு நாள் கார் எடுத்துக்கொண்டு சின்ன மலைக் கிராமம் ஒன்றுக்குப் போய், மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப ஆசை. எந்த ஊர் நல்லது? மலைப்பாதையில் நாங்களே ஓட்டலாமா? நான் சைவம், எனக்கு அங்கே என்ன கிடைக்கும்?
— ஒரு வாசகி, கோவை

பதில்: தாராளமாக ஓட்டலாம். 1960 வரை பிரிட்டிஷார் ஆண்ட தீவு அது. அதனால் இன்றும் நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். வாடகைக் கார்களுக்குச் சிவப்பு நம்பர் பிளேட். வெளியூர் ஆள் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். இன்டர்நேஷனல் பர்மிட்டை ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

பலரும் உங்களை ஓமோதோஸுக்குப் போகச் சொல்வார்கள். கல் பாவிய சதுக்கமும் பழைய மடாலயமும் உள்ள அழகான ஊர்தான். ஆனால் சுற்றுலாப் பேருந்துகள் வந்து நிற்கும் ஊர். நான் லோஃபுவைச் சொல்வேன். கடலிலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில், சுண்ணாம்புக் கல் வீடுகளும் குறுகிய சந்துகளும் கொண்ட மிகச் சின்ன ஊர். காரை ஊர் ஓரத்திலேயே விட்டுவிட்டு நடந்து போங்கள்.

லிமசோலிலிருந்து ட்ரூடோஸ் மலைக்கு ஏறும் பி8 சாலையைப் பிடியுங்கள். வழியில் கூரிஸ் அணை வரும். 1988இல் கட்டி முடித்தது, தீவிலேயே பெரியது. அதற்காக அலாசா என்ற கிராமத்தையே இடம் மாற்றினார்கள். தண்ணீர் வற்றிய வருடங்களில் பழைய ஊரின் தேவாலயம் வெளியே தெரியும். அலாசா பக்கம் வந்ததும் மேற்கே மலைக்குள் திரும்புங்கள். இனி அவசரமே வேண்டாம். சரிவெங்கும் கல்லடுக்கி மண்ணை நிறுத்திய படிக்கட்டு நிலங்கள், அவற்றில் திராட்சை. ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்த ஃபைலாக்சரா பூச்சி இந்தத் தீவை எட்டவில்லை. அதனால் இங்கே கொடிகள் ஒட்டுப் போடாமல் சொந்த வேரிலேயே நிற்கின்றன. இறங்கிப் பார்க்காமல் கடந்துவிடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். தவெர்னாவில், அதாவது ஊர்ச் சாப்பாட்டுக் கடையில், ‘மெஸே’ கேட்டால் சின்னச் சின்னத் தட்டுகளாக வந்துகொண்டே இருக்கும். ஆலிவ், தஹினி, தயிர், சாலட் என்று தொடங்கி முடிவில் அடுப்பில் வெந்த ஆட்டிறைச்சியில் போய் நிற்கும். பெரும்பாலும் இரண்டு பேருக்குக் குறைந்து தரமாட்டார்கள். நீங்கள் இருவரும் சேர்ந்து மெஸே வாங்குவதில் அர்த்தமில்லை. பாதிக்கு மேல் இறைச்சி. உங்களுக்குத் தனித்தனியாகக் கேளுங்கள். முதலில் லூவி: நம் காராமணியை வேகவைத்து, ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் விட்டது. அடுத்தது பட்டாதெஸ் அந்திநாக்தெஸ்: சின்ன உருளைக்கிழங்கைத் தட்டிப் பிளந்து, சிவப்பு ஒயினும் கொத்தமல்லி விதையும் சேர்த்துச் சமைப்பது. அந்த மல்லி வாசனையை நீங்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வீர்கள். கொலொகாசி இருந்தால் விடாதீர்கள். நம் சேப்பங்கிழங்கின் இனம். ஆனால் பன்றி இறைச்சியோடும் சமைப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். திராட்சை இலையில் சுருட்டிய கூபேபியாவுக்குள்ளும் வழக்கமாகக் கொத்துக்கறி இருக்கும். ‘நிஸ்திசிமோ’ என்று சொல்லுங்கள். கிறிஸ்தவ நோன்பு நாட்களின் இறைச்சி, முட்டை, பால் இல்லாத சாப்பாடு அது. சமையல்காரருக்குச் சட்டென்று புரியும். புதினா மடித்துவைத்த ஹலூமி பாலாடைக்கட்டியைச் சுட்டுத் தருவார்கள். பால் திரிய வைக்கும் ரென்னெட் விலங்கிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். அந்த அளவுக்குக் கட்டுப்பாடு உண்டென்றால் தவிர்த்துவிடுங்கள்.

அக்டோபரில் திராட்சைச் சாற்றையும் மாவையும் காய்ச்சிய பாலூஸே கிடைக்கலாம். கணவர் ஓட்டுவதாக இருந்தால் ஒயின் அவருக்கு வேண்டாம். ஒரு புட்டி வாங்கி அறைக்கு எடுத்துப் போங்கள்.

சின்ன ஊர்த் தவெர்னாக்கள் எல்லா நாளும் திறந்திருக்காது. முந்தின நாளே போன் செய்து, ஒரு மணிக்கு மேசை சொல்லிவைத்துவிட்டுக் கிளம்புங்கள். ஞாயிறென்றால் லிமசோல் குடும்பங்களே மேலேறி வந்து மேசைகளை நிரப்பிவிடும். இறங்கும்போது பிரேக்கையே அழுத்திக்கொண்டிராமல் கீழ் கியரில் வாருங்கள். ஆட்டோமேட்டிக் கார் வேண்டுமென்றால் இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.