நான்கு மில்லிமீட்டர் குழாய்

பன்னிரண்டு வருடமாகச் சித்தப்பாவின் மார்புக்குள் உலோக வால்வு ஒன்று டிக் டிக்கென்று ஓடுகிறது. அதில் ரத்தம் கட்டிவிடாமலிருக்க தினமும் ஒரு அசிட்ரோம் மாத்திரை. போன ஆடியில் குளிர் காய்ச்சலும் வலது விலாவுக்கடியில் வலியும் வந்தன. ஸ்கேனில் தெரிந்தது, கல்லீரலில் ஒன்பது சென்டிமீட்டர் சீழ்க்கட்டி.

"ஏம்ப்பா, வயித்தைக் கிழிச்சிருவாங்களா?" என்று என்னைக் கேட்டார்.

கிழிக்கத் தேவையில்லை, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே குழாய் வைத்து வடித்துவிடலாம் என்றார் டாக்டர். கட்டி வயிற்றுக்குள் உடைந்திருந்தால்தான் கத்தி.

ஆனால் சின்னத் துளையும் ரத்தம் உறைந்தால்தான் அடைபடும். ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் எண் ஐ.என்.ஆர். சித்தப்பாவைப்போல் மிட்ரல் இடத்தில் உலோக வால்வு வைத்தவருக்கு அது 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். கல்லீரலில் குழாய் வைக்க அது 1.5, 1.8 அளவுக்கு இறங்க வேண்டும். சித்தப்பாவுக்கோ 4.6. வயிற்றுப்போக்குக்கென்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மெட்ரோனிடசோல் செய்த வேலை அது. அசிட்ரோமின் வேகத்தை அது கூட்டிவிடும். அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள் எந்தக் கடையில் எந்த மாத்திரை கேட்டாலும் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் சொல்லவில்லை.

அசிட்ரோமை நிறுத்தி, ஐ.என்.ஆர். இறங்கியதும் வால்வைக் காக்க ஹெபாரின் ஏற்றினார்கள். குழாய் வைக்கச் சில மணி நேரம் முன்பு அதையும் நிறுத்தினார்கள். இந்த இடைவெளியை இதய டாக்டரும் ரேடியாலஜிஸ்டும் பேசித்தான் முடிவு செய்தார்கள். நீங்களாக ஒருநாள்கூட மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

மரத்துப்போக ஒரு ஊசி. திரையில் வெள்ளைக் கோடாக இன்னொரு ஊசி கட்டிக்குள் இறங்கியது. அதன் வழியே மெல்லிய கம்பி, கம்பிமேல் குழாய். ஸ்வீடன் டாக்டர் செல்டிங்கர் ரத்தக்குழாய்களுக்காக 1953இல் வெளியிட்ட உத்தி இது. குழாயின் அளவு 12 பிரெஞ்ச், அதாவது நான்கு மில்லிமீட்டர் தடிமன். பன்றிவால்போல் நுனி சுருண்டுகொள்வதால் பெயர் பிக்டெயில். பையில் செங்கல் நிறத்தில் சீழ் இறங்கியது.

வீட்டில்தான் மிச்ச வேலை. பை எப்போதும் இடுப்புக்குக் கீழே. நர்ஸ் காட்டியபடி சலைன் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். வடிந்த அளவைத் தினமும் நோட்டில் எழுத வேண்டும். வடிவது திடீரென நின்று காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு ரத்தம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

பதினான்காம் நாள் 8 மில்லி. மறு ஸ்கேன் பார்த்துக் குழாயை எடுத்தார்கள். அசிட்ரோம் மறுபடி தொடங்கியதால், அந்த நோட்டின் அடுத்த பக்கத்தில் இப்போது ஐ.என்.ஆர். எண்கள் ஏறுகின்றன. கடைசி வரி: 2.8.