தூக்கும் வலிமையும் தள்ளும் வலிமையும்

(இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

வலிமை என்பது ஒன்றா, பலவா? இவ்வினாவை ஒருவரிடம் கேட்டால் சிரிப்பார். பலமுள்ளவன் பலமுள்ளவன்தானே, அதிலென்ன பிரிவு என்பார். எனினும் தல்லாகுளத்தில் அழகர்கோயில் சாலையிலோ, ரேஸ்கோர்ஸ் மைதானத்தை அடுத்த தெருக்களிலோ உள்ள ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் அரை மணி நேரம் நின்று பார்த்தால், இவ்வினா எவ்வளவு பொருளுடையது என்பது விளங்கும். அங்கே ஒருவரையொருவர் அளக்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “பெஞ்ச் எவ்வளவு அடிக்கிறீங்க?” தரையில் கிடக்கும் இரும்பை எவ்வளவு தூக்குவீர் என்று எவரும் கேட்பதில்லை. காலையில் மகளிர்க்கென ஒதுக்கிய நேரத்தில் இரண்டு ஆண்டுகளாகப் பயிற்சி செய்துவரும் எனக்கு, அந்த ஒரு கேள்வியைக் கொண்டு மனிதர்களின் வலிமையை அளப்பது சரிதானா என்னும் ஐயம் எழுந்தது. நான் படிக்கும் இயற்பியலின் துணைகொண்டு அதை ஆராய்ந்தேன். அதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் இரண்டு பயிற்சிகளும் எவை என்பதைக் காண்போம். பெஞ்ச் பிரஸ் என்பது பலகையில் மல்லாந்து படுத்து, இரும்புத் தண்டை மார்புவரை இறக்கி, மீண்டும் கைகள் நேராகும்வரை மேலே தள்ளுவது. டெட்லிஃப்ட் என்பது தரையில் கிடக்கும் தண்டைக் குனிந்து பற்றி, இடுப்பும் முழங்காலும் நிமிரும்வரை எழுந்து நிற்பது. ‘டெட்’ என்ற சொல்லைக் கேட்டு அஞ்ச வேண்டா. அசைவற்றுக் கிடக்கும் எடையை எடுப்பதால் வந்த பெயர் அது. இவ்விரண்டோடு, தோளில் எடையைச் சுமந்து உட்கார்ந்தெழும் ஸ்குவாட்டையும் சேர்த்து மூன்றும் ‘வலுதூக்குதல்’ என்னும் விளையாட்டாக வளர்ந்தன. அதற்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 1972இல் தோன்றியது. வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்டு கோஸ்டிலும் தங்கம் வென்றது இதிலன்று; அது தலைக்கு மேலே எடையை உயர்த்தும் பளுதூக்குதல். இரண்டையும் குழப்பிக்கொள்வோர் பலர்.

இனி நம் முன்னோர் வழக்கத்தைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். பஸ்கி இருந்தது, கர்லா கட்டை இருந்தது, தண்டால் இருந்தது. மல்லாந்து படுத்துத் தள்ளுவது நம் வழக்கத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. தள்ளும் வலிமைக்குத் தண்டாலே போதும் என்று விட்டனர் போலும். சாதாரணத் தண்டாலில் உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கைகளின்மேல் இறங்குகிறது என்பதால், அது சிறிய சுமையும் அன்று. ஆனால் ஊரார் கூடி நின்று ஓர் இளைஞனின் வலிமையைச் சோதித்தபோது அவனைத் தண்டால் எடுக்கச் சொல்லவில்லை. இளவட்டக்கல்லைத் தூக்கச் சொன்னார்கள்! தென்மாவட்டச் சிற்றூர்களில் கோயில் முன்னும் சாவடி முன்னும் இன்றும் கிடக்கும் அந்த உருண்டைக் கல், தரையிலிருந்து எடுக்கும் வலிமைக்கு வைத்த தேர்வு. பிடிப்பதற்கு விளிம்பில்லை, வழவழப்பு வேறு. குந்தி அணைத்து, முழங்கால்மேல் ஏற்றி, மார்போடு தழுவி, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்னால் எறிய வேண்டும். அதன் முதற்பாதி ஏறக்குறைய டெட்லிஃப்ட்டே. நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கலை ஒட்டி இப்போட்டி இக்காலத்திலும் நடக்கிறது. அதில் பெண்களும் கல் தூக்குகிறார்கள் என்பது நம் மாணவியர் பலர் அறியாத செய்தி.

உடலின் எந்தப் பகுதி எந்த வேலையைச் செய்கிறது என்று பார்த்தால், இரண்டுக்குமுள்ள வேறுபாடு தெளிவாகும். பெஞ்சில் உழைப்பவை மார்புத் தசை, தோளின் முன்தசை, மேற்கையின் பின்தசை ஆகிய மூன்றே. டெட்லிஃப்ட்டில் உழைப்பவையோ உடலிலேயே பெரிய தசையான பிட்டத் தசை, தொடையின் முன்னும் பின்னும் உள்ள தசைகள், முதுகெலும்பை நிமிர்த்தும் தசைகள், விலாவின் அகன்ற தசை, விரல்களை மூடும் முன்கைத் தசைகள் என நீளும். ஒன்று மூன்று பேர் தள்ளும் வண்டி. மற்றொன்று தெருவே கூடி இழுக்கும் தேர். இரண்டின் எண்களையும் அருகருகே வைத்து, இதைவிட அது பெரிது என்று வியப்பதில் பொருளில்லை.

ஆகவே ஒப்பிட வேண்டியது எண்களை அன்று, விகிதத்தை. பெஞ்சு எடையை டெட்லிஃப்ட் எடையால் வகுத்தால் வரும் பின்னத்தைத்தான் நான் சொல்கிறேன். பொழுதுபோக்காகப் பயிற்சி செய்யும் ஆடவரிடையே பெஞ்ச், ஸ்குவாட், டெட்லிஃப்ட் மூன்றும் 3:4:5 என அமையும் என்பது பயிற்சியாளர் வாய்வழியாகச் சொல்லிவரும் கணக்கு. 100, 140, 180 கிலோ என்று இலக்கு வைப்பதும் உண்டு. முன்னதில் விகிதம் 0.6, பின்னதில் 0.56. உலகின் உச்சியிலும் நிலைமை பெரிதும் மாறவில்லை. இங்கிலாந்தின் எடி ஹால் 2016இல் முதன்முதலாக 500 கிலோ டெட்லிஃப்ட் எடுத்தார். அமெரிக்காவின் ஜூலியஸ் மேடக்ஸ் 2021இல், விறைப்பான துணைச் சட்டை ஏதுமின்றி 355 கிலோ பெஞ்ச் தள்ளினார். இருவேறு மனிதர், இருவேறு வல்லுநர். அப்படியிருந்தும் விகிதம் 0.71தான்.

இவ்விகிதத்தைக் கணக்கிட, தூக்க முடிந்த உச்ச எடையைத் தூக்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அது புதியவர்க்கு ஆபத்தும்கூட. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் பாய்ட் எப்லி 1985இல் தந்த சூத்திரம் ஒன்று உண்டு. ஓர் எடையை எத்தனை முறை தூக்கினோமோ அந்த எண்ணை 30ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, எடையால் பெருக்கினால், ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய எடை தோராயமாகக் கிடைக்கும். என் கணக்கையே சொல்கிறேன். பெஞ்சில் 25 கிலோவை ஐந்து முறை தள்ளுவேன். உச்சம் 29 கிலோ. டெட்லிஃப்ட்டில் 60 கிலோவை ஐந்து முறை. உச்சம் 70 கிலோ. விகிதம் 0.42. என் பெரியப்பா மகன், வேறொரு கூடத்தில் பயில்பவர், பெஞ்சில் 80 கிலோவை ஐந்து முறை தள்ளுகிறார். டெட்லிஃப்ட்டில் 90 கிலோவை ஐந்து முறை. அவருடைய விகிதம் 0.89!

இதில் எது நல்ல விகிதம்? அண்ணன் தம் 0.89ஐப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார். கண்ணாடியில் தெரியும் தசைகளை மட்டும் வளர்த்து, தெரியாதவற்றை மறந்தால் இந்த எண்தான் வரும் என்பது என் கருத்து. பெஞ்ச் உயர்ந்ததால் வந்த விகிதமன்று அது, முதுகும் தொடையும் பின்தங்கியதால் வந்தது. 30 கிலோ அளவுள்ள சமையல் எரிவாயு உருளையை மாடிக்கு ஏற்றுகையில் இடுப்புப் பிடித்துக்கொண்டு நான்கு நாள் படுத்தவரும் அவரே. நாள்தோறும் 80 கிலோ தள்ளுகிறவர்தாம், என்ன பயன்? வீட்டிலும் வயலிலும் சந்தையிலும் எந்தச் சுமையும் நம் மார்புக்குமேல் தொங்கிக்கொண்டு வருவதில்லை. எல்லாம் தரையில்தான் கிடக்கின்றன.

என் 0.42 குறித்தும் சொல்ல வேண்டும். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 1993இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மகளிரின் மேலுடல் வலிமை ஆடவருடையதில் 52 விழுக்காடு என்றும் கீழுடல் வலிமை 66 விழுக்காடு என்றும் கண்டனர். எண்மர் ஆடவர், எண்மர் மகளிர் மட்டுமே பங்கேற்ற சிறிய ஆய்வு அது. ஆயினும் போக்கைக் காட்டப் போதும். 100 கிலோ பெஞ்சும் 170 கிலோ டெட்லிஃப்ட்டும் உள்ள ஆடவர் ஒருவரைக் கொள்வோம். அவ்விழுக்காடுகளைப் பொருத்தினால் பெண்ணுக்கு 52உம் 112உம் வரும். 0.59ஆக இருந்த விகிதம் 0.46ஆக இறங்குகிறது. டெட்லிஃப்ட் முழுவதும் கால்களின் வேலை அன்று என்பதால் இது தோராயமே. ஆயினும் “பெஞ்ச் எவ்வளவு?” என்ற ஒற்றைக் கேள்வி பெண்ணை அவள் மிகக் குறைந்திருக்கும் இடத்தில் பார்த்து அளக்கிறது என்பது இதனால் விளங்கும்.

இதை எனக்குக் கணக்கைவிடத் தெளிவாக விளக்கியவர் என் தாயார். அவர் கட்டட வேலைக்குச் செல்லும் சித்தாள். ஒருநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் வீட்டுச் சாவியைக் கொடுக்கக் கூடத்துக்குள் வந்தார். பயிற்சியாளர், “அக்கா, சும்மா ஒரு தரம் தூக்கிப் பாருங்க” என்றார். தண்டில் 50 கிலோ இருந்தது. அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, காலை அகட்டி நின்று, முதுகு வளையாமல் ஐந்து முறை எடுத்து வைத்தார். அவருடைய உடல் எடை 48 கிலோ. கற்றுக்கொள்ள நான் மூன்று மாதம் பட்ட பாட்டை அவர் படவே இல்லை. “ஏத்தா, சிமிட்டி மூட்டையும் இந்தக் கனந்தானே, இதுக்கா காசு குடுத்து வர்றே?” என்று என்னைக் கேட்டார். பிறகு பெஞ்சில் படுக்க வைத்தோம். 20 கிலோ வெறும் தண்டை ஒரே ஒரு முறை, அதுவும் கை நடுங்கத் தள்ளினார். எழுந்து, “எனக்குப் பலமில்லப்பா” என்றார்.

அந்தச் சொல் என்னை வெகுநாள் உறுத்தியது. தம் உடல் எடைக்கு மேலாக 50 கிலோவை ஐந்து முறை தூக்கிய ஒருவர், பெஞ்சின் கணக்கை நம்பித் தமக்குப் பலமில்லை என்கிறார். பதினைந்து லிட்டர் குடத்தைக் குழாயடியிலிருந்து இடுப்புக்கு ஏற்றுவதும், செங்கல் சட்டியைத் தூக்குவதும், நாற்றுக்கட்டைத் தூக்கிவிடுவதும் ஆண்டுக்கணக்கில் செய்த பயிற்சியே அன்றோ? அதற்கு நாம் வேலை என்று பெயர் வைத்தோம்; பலம் என்று வைக்கவில்லை.

உடல் அமைப்பும் இவ்விகிதத்தை மாற்றும். நீண்ட கையுடையவர்க்குத் தரையிலுள்ள தண்டு அருகில் வந்துவிடுகிறது. அதே நீளம் பெஞ்சில் தண்டு செல்ல வேண்டிய தொலைவைக் கூட்டுகிறது. அமெரிக்கரான லாமர் காண்ட் 1985இல் 60 கிலோ உடல் எடையுடன் 300 கிலோ டெட்லிஃப்ட் எடுத்து, தம் எடையைப்போல் ஐந்து மடங்கு தூக்கிய முதல் மனிதரானார். அவருக்குக் கைகள் நீளம்; முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்தது வேறு. எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. பாராலிம்பிக்கில் வலுதூக்குதல் என்றால் பெஞ்ச் மட்டுமே. போலியோவால் கால் பாதிக்கப்பட்ட நம் நாட்டு ராஜிந்தர் சிங் ரஹேலு 2004இல் ஏதென்சில் 56 கிலோ பிரிவில் 157.5 கிலோ தள்ளி வெண்கலம் பெற்றார். ஈரானின் சியாமந்த் ரஹ்மான் 2016இல் ரியோவில் தள்ளியது 310 கிலோ. தள்ளும் வலிமையும் தூக்கும் வலிமையும் ஒன்றையொன்று சாராமல் வளரக்கூடியவை என்பதற்கு இவர்களைவிட வேறு சான்று வேண்டா.

ஒப்பிட விரும்புவோர் சில நடைமுறைச் செய்திகளை அறிந்திருத்தல் நலம். போட்டி விதிப்படி பெஞ்சில் தண்டு மார்பில் அசையாமல் நின்றபின்னரே, நடுவர் கட்டளையிட்ட பிறகு, தள்ள வேண்டும். கூடங்களில் நடப்பதோ வேறு. மார்பில் மோதித் துள்ளவிட்டுத் தள்ளுவர். தலைமாட்டில் நிற்கும் நண்பர் தண்டில் விரலை வைத்துப் பாதிப் பாரத்தைத் தாமே தூக்கிவிட்டு, “எல்லாம் நீதான்டா” என்பார். டெட்லிஃப்ட்டில் இவ்வகைக் கருணைக்கு இடமில்லை. தரையை விட்டு எழுந்தால் எழுந்தது. ஆனால் அதிலும் ஒரு குறை உண்டு. போட்டித் தட்டின் விட்டம் 45 செ.மீ. ஆதலால் தண்டு தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் கிடக்கும். நம் ஊர்க் கூடங்களின் சிறு தட்டுகளில் அது மிகவும் தாழ்ந்துவிடும். முதுகு வளையாமல் பிடிக்க இயலாது. தட்டுகளுக்கடியில் பக்கத்துக்கு ஒரு பலகையோ செங்கல்லோ வைத்தால் சரியாகும். விரல்பிடி முதுகுக்கு முன்பே தளர்வதும் உண்டு. அப்போது நாம் அளப்பது முதுகின் வலிமையை அன்று, விரலின் வலிமையை. தண்டு உடலை விட்டு விலக விலக இடுப்பின்மேல் திருப்புவிசை கூடும் என்பது நாம் முதலாண்டில் படித்த பாடமே. ஆகவே தண்டு காலின் முன்பக்கத்தை உரசியே எழ வேண்டும். முதுகுவலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இறங்க வேண்டா.

இன்னொன்று, நம் மாணவியர்க்கு நேரே பயன்படுவது. பெரும்பாலான கூடங்களில் மிகச் சிறிய தட்டு 2.5 கிலோ. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சேர்த்தால் ஒரே தாவலில் 5 கிலோ கூடுகிறது. 60 கிலோ டெட்லிஃப்ட்டில் அது 8 விழுக்காடு, தாங்கலாம். 25 கிலோ பெஞ்சில் அதுவே 20 விழுக்காடு! 80 கிலோ தள்ளும் ஆடவர் ஒரே நாளில் 96 கிலோவுக்குத் தாவுவதற்கு ஒப்பானது அது. பெண்களுக்குப் பெஞ்ச் ஏறுவதே இல்லை என்று மாதக்கணக்கில் சலித்து விட்டுவிடுபவர்களில் பலர் தடுமாறுவது இந்தப் படியின் உயரத்தில்தான். என் தோழியர் இருவர் இவ்வாறே விட்டனர். நான் கடையில் 1.25 கிலோ தட்டு ஓர் இணை வாங்கி, பையில் போட்டுக்கொண்டு போகிறேன். நம் கல்லூரி உடற்கல்வித் துறையும் அத்தகைய தட்டுகள் ஓர் இணையும், கூடுமானால் அரைக் கிலோ தட்டுகள் ஓர் இணையும் வாங்கி வைக்குமாறு பேராசிரியர்களை இக்கட்டுரை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அவை வந்தால், மாலையில் விளையாட்டு நேரத்தில் ஆர்வமுள்ள மாணவியர்க்கு எப்லியின் கணக்கைப் போட்டுக் காட்ட நான் இருக்கிறேன்.